பார்வை நேரம் இருபது நிமிடம்

வீட்டில் மேசையை இடம் மாற்றிப் போட்டால் முதல் இரண்டு நாள் எல்லோரும் முழங்காலில் இடித்துக்கொள்வோம். மூன்றாம் நாள் இடிக்க மாட்டோம். யாரும் சொல்லித் தருவதில்லை, உட்கார்ந்து மனப்பாடம் செய்வதும் இல்லை. கால் தானாக வளைந்து போகும். அறுபது வயதுக்காரருக்கும் அப்படித்தான். உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். நான் செய்ததெல்லாம் இந்தச் சின்ன விஷயத்திலிருந்துதான் ஆரம்பித்தது என்பதால் இதை முதலில் எழுதுகிறேன்.

தாளும் பேனாவும் கொடுத்ததற்கு நன்றி. எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. நேற்று நான் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினேன் என்று சொன்னீர்கள். ஒரே ஒரு இடத்தில் பொய் சொன்னேன், அது எந்த இடம் என்பதை அந்த இடம் வரும்போது எழுதுகிறேன். மற்றபடி கேள்விகள்தான் வரிசையில்லாமல் வந்தன. எழுதினால் ஒழுங்காக வரும்.

நான் தச்சன். பத்தொன்பது வருடமாக ஒரே இடத்தில் வேலை. மூளையை ஆராய்கிற ஒரு கூடத்தில் குரங்குகளுக்குக் கூண்டு செய்து தருவது என் பொறுப்பு. குரங்கு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். அணிலைவிடக் கொஞ்சம் பெரியவை. காதோரத்தில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளை முடி, முகத்தில் எப்போதும் ஒரு கவலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவற்றின் படத்தை என் மனைவியிடம் காட்டினேன். "உங்க ஆபீஸ்ல எல்லாரும் பரீட்சைக்குப் போறவங்க மாதிரியே இருக்காங்களே" என்றாள். அதற்குப் பிறகு நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் "பிள்ளைங்க பாஸ் ஆயிடுவாங்களா?" என்று கேட்பாள்.

அங்கே ஆராய்ச்சியை நடத்துபவர் ஒரு பெண்மணி. டாக்டரம்மா என்று கூப்பிடுவோம். அவருடைய சோதனை எளிமையானது. நன்றாக வளர்ந்த குரங்குகளை இரண்டு பங்காகப் பிரிப்பார். ஒரு பங்கு வெறும் கூண்டில் இருக்கும்: உட்கார ஒரு கட்டை, தண்ணீருக்கு ஒரு குழாய், சாப்பாட்டுக்கு ஒரு தட்டு. மறு பங்கு பெரிய கூண்டில்: கிளைகள், கயிறுகள், ஏணிகள், மூடி போட்ட பெட்டிகள். அங்கே சாப்பாட்டைத் தட்டில் வைப்பதில்லை. பெட்டிக்குள், மரப்பட்டைக்கு அடியில், உச்சியில் என்று ஒளித்து வைப்போம். மூன்று நாளுக்கு ஒரு முறை நான் உள்ளே போய் எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டு வருவேன். ஒரு மாதம் முடிந்ததும் இரண்டு பங்கின் மூளையையும் எடுத்து மெல்லியதாகச் சீவிப் பார்ப்பார்கள். பெரிய கூண்டில் இருந்தவற்றையும்தான். ஆரம்பத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை, பிறகு பழகிவிட்டது.

ஒரு நாள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுத் திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். மூளைக்குள் இருக்கும் நரம்பின் கிளைகளாம். வெறும் கூண்டுக்காரனுடையது மொட்டைக் குச்சி மாதிரி இருந்தது. பெரிய கூண்டுக்காரனுடையதில் முள் முள்ளாக முளைத்திருந்தது.

"குட்டிங்களோட மூளை மாறும்னு எல்லாருக்கும் தெரியும். இது வளர்ந்து முடிஞ்ச குரங்கு. ஒரே மாசம்தான். இருக்கற இடம் மாறினா வளர்ந்த மூளையும் மாறுது. இதுல உங்க சுத்தியலுக்கும் பங்கு இருக்கு" என்றார்.

பத்தொன்பது வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்தப் படங்களின் அச்சுப் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது அது உங்கள் மேசையில் இருக்கிறது.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பேருந்து நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருட்களைப் பாதுகாக்கும் அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். குடை, பை, கண்ணாடி, ஊன்றுகோல். எந்தக் குடை எந்த மாதம் எந்த வண்டியில் வந்தது என்று சீட்டைப் பார்க்காமலே சொல்வாள். ஒரு தடவை பல்செட்டைத் தொலைத்தவர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாராம். இவள் ஐந்து பல்செட்டை மேசையில் வரிசையாக வைத்து, "எது உங்களப் பாத்து சிரிக்குதோ அதை எடுத்துக்கங்க" என்றாளாம். அந்த மனிதர் பொத்திய கையை எடுத்துவிட்டுச் சிரித்தாராம். வீட்டிலும் அப்படித்தான். என் அளவுநாடாவும் மூக்குக்கண்ணாடியும் எங்கே இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மறதி ஆரம்பித்தது. முதலில் சொற்கள் போயின, பிறகு கிழமைகள், பிறகு மகளின் திருமணம். நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"இது இறங்குற பாதைதான். ஏறாது. பழகின வீட்ல, பழகின ஆளுங்களோட வச்சிருங்க. எதையும் மாத்தாதீங்க. அதான் மருந்து."

எனக்குக் கோபம்தான் வந்தது. வளர்ந்த மூளை ஏறாது என்று அவர் சொல்கிறார், ஏறிய மூளையை நான் படத்தில் பார்த்திருக்கிறேன். பழகின வீடு, பழகின தட்டு, பழகின நாற்காலி. அவர் சொன்னது வெறும் கூண்டு. அவருக்கு அது தெரியவில்லை.

முப்பத்தைந்து வருடமாக அவள் என்னை "ஏங்க" என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது இருக்கும். சில நாள் எரிச்சலாகக்கூட வரும். போன வருடம் ஒரு காலையில் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் தம்பி" என்றாள். அன்று முழுவதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மகளிடம் போனில் சொல்லி அழுதேன். மகள், "அப்பா, நடுவுல நடுவுல உங்கள ஞாபகம் வருதுல்ல, அதைப் பிடிச்சிக்கங்க" என்றாள். நடுவில் நடுவில் என்பது எனக்குப் போதவில்லை. இதை ஒளிக்க வேண்டியதில்லை. எனக்கு என் பழைய மனைவி வேண்டும், அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வேண்டும். அதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

சேர்ந்திருந்த விடுப்பை மொத்தமாக எடுத்தேன். எதையும் அளக்காமல் ஆரம்பிக்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் பழக்கம், அதனால் முதல் வாரம் எதையும் மாற்றாமல் குறிப்பு மட்டும் எடுத்தேன். உங்களிடம் இருக்கும் நோட்டின் முதல் ஏழு பக்கங்கள் அவை. காலையில் தானாக எழுகிறாள். சுவரைத் தொட்டுக்கொண்டே குளியலறைக்குப் போகிறாள். கரண்டிகளைப் பெரிது சிறிது பார்த்து அடுக்குகிறாள். துவைத்த துணியை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். மதியம் மாடிவீட்டு அக்கா வந்து தலைவாரிவிட்டால் கண்ணை மூடிக்கொள்கிறாள். அந்த வாரத்தில் என்னை "ஏங்க" என்றது நாலு தடவை.

எட்டாம் நாள் வேலையை ஆரம்பித்தேன். கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். சமையலறை அலமாரியைக் கழற்றிப் படுக்கையறையில் மாட்டினேன். குளியலறைக் கதவுக்கு முன்னால் ஒரு தடுப்புப் பலகை வைத்து, சுற்றிப் போகும்படி செய்தேன். ரொட்டியைத் தட்டில் வைக்காமல், நகர்த்து மூடி போட்ட பெட்டியில் வைத்தேன். நல்ல மரம், ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது. ஒரு கீறல்கூட விழாது. அவளுக்குக் காயம் படக்கூடாது என்பதில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதை நீங்கள் அந்தப் பெட்டிகளைத் தடவிப் பார்த்தாலே தெரியும்.

பெட்டி வைத்த முதல் நாள் அதைத் திறக்க நாற்பத்தொரு நிமிடம் ஆனது. நாலாம் நாள் பன்னிரண்டு நிமிடம். நோட்டில் அந்தப் பன்னிரண்டைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை.

மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றினேன். எட்டாம் நாளில் இருந்தது பதினோராம் நாளில் இருக்காது. கட்டில் ஒரு தடவை ஜன்னல் பக்கம், ஒரு தடவை சுவர் பக்கம். ஜன்னலையே ஒரு தடவை பலகை வைத்து மறைத்து எதிர்ச்சுவரில் திரை தொங்கவிட்டேன். அவள் எழுந்து நின்று, கையை நீட்டி, பழைய இடத்தில் சுவரைத் தேடுவாள். தேடுவது நல்லது. வெறும் கூண்டுக் குரங்கு எதையும் தேடாது, கட்டையில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

நீங்கள் ஒரு பக்கத்தைக் காட்டி, இதை எழுத மனசு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். பதினாறாம் நாள் பக்கம். அவள் கூடத்து மூலையில் சிறுநீர் கழித்திருந்தாள். அதை நான் "இடத்தைத் தனதாக்குகிறது" என்று எழுதியிருக்கிறேன். விளக்குகிறேன். குரங்குகளைப் புதுக் கூண்டில் விட்டால் அங்கங்கே சிறுநீர் விட்டுத் தேய்க்கும். இது என் இடம் என்று எழுதி வைப்பது போல. அதைப் பார்த்தால் டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் வரும், பழகிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். பத்தொன்பது வருடம் பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. குளியலறை எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை என்கிறாள் மகள். இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் நானே துடைத்தேன், முகம் சுளிக்கவில்லை.

"கழித்திருந்தது", "தேடுகிறது" என்று அஃறிணையில் எழுதியிருப்பதையும் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறீர்கள். அது ஆய்வுக்கூடத்துப் பழக்கம். பெயர் வைக்கக் கூடாது, அவன் அவள் என்று எழுதக் கூடாது. எழுதினால் பார்ப்பவனின் ஆசை குறிப்பில் கலந்துவிடும். என் ஆசை கலந்துவிடக் கூடாது என்றுதான் அப்படி எழுதினேன்.

ஓட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். கூடத்துக்கும் சாமான் அறைக்கும் நடுச்சுவரில் பென்சில் அளவு துளை, கண் உயரத்தில். நான் போட்டதுதான். உள்ளே நாம் நின்று பார்த்தால் குரங்கு நம்மைத்தான் பார்க்குமே தவிர, தன் வேலையைப் பார்க்காது. அதனால் ஆய்வுக்கூடத்திலும் மறைந்திருந்துதான் பார்ப்போம். இருபது நிமிடம் ஒரு பார்வை. அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு குறி: உட்கார்ந்திருக்கிறது, நடக்கிறது, தேடுகிறது, குரல் கொடுக்கிறது. அந்த இருபது நிமிடத்தில் என்ன நடந்தாலும் உள்ளே போகக் கூடாது. போனால் அந்தப் பார்வை செல்லாது. காலை, மதியம், மாலை என்று ஒரு நாளைக்கு ஆறு பார்வை வைத்துக்கொண்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஓர் ஆறுதலும் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை நான் தம்பி இல்லை.

அவள் அடிக்கடி சாமான் அறைக் கதவுப் பக்கம் வந்து பேசுவாள். ஒரு நாள் நான் உள்ளே பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. இது யாரு வீடுன்னே தெரியல. எங்க வீட்டுக்காரர் வேலைவிட்டு வந்துடுவார், என்னைக் காணோம்னு தவிச்சிப்போயிடுவார்."

"அவர் எப்படி இருப்பார்?" என்று கேட்டேன்.

"மேலெல்லாம் மரத்தூள் இருக்கும்" என்றாள். "கண்ணாடிய தலை மேலயே வச்சிகிட்டு வீடு பூரா தேடுவார். நான்தான் எடுத்துக் குடுக்கணும்."

என் தலை மேல் அப்போது கண்ணாடி இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே சொன்னாள், பார்த்துக்கொண்டே சொன்னதால்தான் எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு கிட்டே வந்துவிட்டாள், இன்னும் கொஞ்சம் தள்ளினால் போதும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் பெட்டிகளை இரண்டிலிருந்து ஐந்தாக்கினேன்.

மாடிவீட்டு அக்காவை வர வேண்டாம் என்று சொன்னது எதற்கு என்று கேட்டீர்கள். ஒரே ஆள் தினமும் ஒரே நேரத்துக்கு வந்து, ஒரே சீப்பால் தலைவாரினால் அது தட்டில் சாப்பாடு வைப்பது மாதிரிதான். மூளைக்கு வேலை இருக்காது. அவர் நல்ல பெண்மணி. வாசலில் நின்று கெஞ்சினார்.

"அண்ணே, ஒரு அரை மணி நேரம் பக்கத்துல உக்காந்துட்டு வந்துடறேன். வாயே திறக்க மாட்டேன். உள்ளேருந்து கூப்பிடற சத்தம் மேல வரைக்கும் கேக்குதுண்ணே."

"அது கூப்பிடறதில்லக்கா, சும்மா குரல் குடுக்கறது" என்றேன். புதுக் கூண்டில் விட்ட குரங்கு சில நாள் விடாமல் கூவும். யாராவது இருக்கிறார்களா என்று கேட்பது. பதில் கொடுத்தால் அது கூவிக்கொண்டே இருக்கும், தேடாது. கொடுக்காவிட்டால் தானாக அடங்கித் தேட ஆரம்பித்துவிடும். என் மனைவி "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டாள். முதலில் அரை நாள் கூப்பிடுவாள், போகப் போகக் குறைந்துவிட்டது. நோட்டில் வரைபடமே போட்டிருக்கிறேன்.

மகளையும் ஒரு மாதம் வர வேண்டாம் என்றேன். வெளியூர் மருத்துவரின் புது சிகிச்சை, ஆட்கள் வந்தால் கெட்டுவிடும் என்று பொய் சொன்னேன். இது நான் மேலே குறிப்பிட்ட பொய் அல்ல. அது உங்களிடம் சொன்னது, இது மகளிடம் சொன்னது. ஒரு மாதம் முடிந்ததும் இன்னும் ஒரு மாதம் என்றேன். குரங்குக்கு ஒரு மாதம் என்றால் மனிதனின் மூளை எத்தனை மடங்கு பெரியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபதாம் நாள் அவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். அம்மாவைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, என்ன இது? எலும்பும் தோலுமா ஆயிட்டாங்க. இவங்களுக்கு யார் சோறு போடறது?"

"அவளேதான் எடுத்துச் சாப்பிடறா. முன்னாடி ஊட்டிவிடணும், இப்ப தானா தேடி எடுக்கறா. அது முன்னேற்றம்மா."

"முன்னாடி ஊட்டிவிடவே வேணாம்ப்பா. தட்டை வச்சா அவங்களே சாப்பிடுவாங்க."

அன்று எங்களுக்குள் வாய் முற்றிவிட்டது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். நான் படத்தைக் காட்டினேன், மொட்டைக் குச்சியையும் முள் முளைத்ததையும். மூன்று மாதம் முடியட்டும், அதற்குப் பிறகு நீ சொல்வதைக் கேட்கிறேன் என்று அவள் காலைத் தொடப் போனேன். அப்பா மகள் காலில் விழுவதை யாரால் பார்க்க முடியும். அழுதுகொண்டே போய்விட்டாள். அந்த ஒரு காரியத்துக்காக அவள் இப்போது தன்னையே திட்டிக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான்தான் அவளைப் பெட்டிப்பாம்பாக அடக்கி அனுப்பினேன்.

எடை குறைந்தது உண்மை. ஒன்பது கிலோ. வாரம் ஒருமுறை நானே நிறுத்துப் பார்த்தேன். பெரிய கூண்டுக் குரங்குகளும் இளைக்கும், ஓடியாடுகின்றன அல்லவா. அதனால் நான் பதறவில்லை.

டாக்டரம்மா இங்கே வந்து உங்களிடம் பேசியதைச் சொன்னீர்கள். தனியாக ஒன்றை எவ்வளவு பெரிய கூண்டில் விட்டாலும் பிரயோஜனமில்லை, சோதனையில் எல்லாமே ஜோடியாகத்தான் இருந்தன, துணைதான் முதல் விஷயம் என்றாராம். அந்த விதி எனக்குத் தெரியும். கூண்டின் கதவில் ஒட்டியே இருக்கும்: ஜோடியாக மட்டும் விடவும். பத்தொன்பது வருடம் அந்தச் சீட்டுக்கு மேலேதான் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். கூண்டு போதாமல் இரண்டிரண்டாகப் போடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். கட்டை, கயிறு, ஏணி எல்லாம் என் கையால் செய்தது, அதனால் வேலை செய்வது அவைதான் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. துணையை நான் செய்யவில்லையே. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவளும் தனியாக இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன்.

தொண்ணூறாம் நாள் வந்தது. "ஏங்க" என்ற சொல் எட்டாம் நாளிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை. பக்கத்துக்குப் பக்கம் பூஜ்யம். இறங்கித்தான் ஏறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூக்கம் போய்விட்டது. சாமான் அறையில் உட்கார்ந்து, "கூப்பிடு, ஒரு தடவை கூப்பிடு, எல்லாத்தையும் பழைய இடத்துல வச்சிடறேன்" என்று சுவரோடு பேசினேன். அப்போது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் இந்தத் தொண்ணூறு நாள் அவள் பட்டதெல்லாம் எதற்கு என்று ஆகிவிடும். மிச்சம் ஒன்றுதான் நான் செய்யாமல் வைத்திருந்தேன், உயரம். குரங்குக்கு உயரம் கொடுத்தால்தான் கூண்டு முழுமையாகும்.

சுவரில் ஏழு படிக்கட்டைகள் அடித்தேன். உச்சியில், பரணை ஒட்டி, ஒரு பெட்டி. கீழே இருந்த பெட்டிகளைக் காலியாக விட்டேன். ஒன்றரை நாள் அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே இருந்த ஐந்தையும் திறந்து திறந்து மூடினாள். பசி வந்தால் பார்ப்பாள் என்று தெரியும்.

நூற்று நாலாம் நாள் காலை. இங்கேதான் அந்தப் பொய் வருகிறது. நான் கடைக்குப் போயிருந்தேன், திரும்பி வந்தபோது விழுந்து கிடந்தாள் என்று உங்களிடம் சொன்னேன். நான் கடைக்குப் போகவில்லை. சாமான் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பார்வை பத்து மணிக்கு ஆரம்பித்தது. பத்து நாலுக்கு அவள் முதல் கட்டையில் கால் வைத்தாள். இரவு உடை தடுக்கியது, ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் மூச்சைக்கூட விடவில்லை. ஆறு படி ஏறிவிட்டாள். பெட்டியில் கை வைத்தாள், மூடியையும் நகர்த்தினாள். பத்து ஒன்பதுக்கு விழுந்தாள்.

இருபது நிமிடம் முடிய இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது.

ஒரு பக்கமாகக் கிடந்தாள். தலைக்கு அடியில் ஈரம் பரவியது. நான் குறி போட்டேன்: அசையவில்லை, அசையவில்லை, கை அசைகிறது, குரல். பத்து பன்னிரண்டுக்குத் தலையைத் திருப்பினாள். ஓட்டை இருந்த பக்கம். வெளிச்சத்தில் என் கண் தெரிந்ததோ என்னவோ.

"ஏங்க" என்றாள். "எங்க இருக்கீங்க? கை குடுங்க."

தம்பி என்று சொல்லவில்லை. என் காதால் கேட்டேன். அந்த இடத்தில் எழுத்து கோணலாக இருப்பதை நீங்களே பார்க்கலாம். எழுந்துவிட்டேன். கதவுப் பிடியைத் தொடும்வரை போனேன். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தேன். உள்ளே போயிருந்தால் அந்தப் பார்வை செல்லாது, எட்டாம் நாளுக்குப் பிறகு கிடைத்த ஒரே குறி செல்லாமல் போகும். ஒரு தடவை சொன்னால் தற்செயல் என்பார்கள், இன்னொரு தடவை சொன்னால் யாரும் மறுக்க முடியாது. அதற்காகத்தான் உட்கார்ந்தேன். அவள் இன்னொரு தடவை சொன்னாள். பத்து பதினாறுக்கு மூன்றாவது தடவை சொன்னாள், "ஏங்க, வலிக்குதுங்க" என்று. அதற்குப் பிறகு சொல்லவில்லை. கடைசி எட்டுக் குறியும் ஒன்றுதான். கடிகாரம் இருபதைத் தொட்டதும் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றீர்கள். நான் மறுக்கவில்லை. படிக்கட்டைகளை அடித்தது நான், பட்டினி போட்டது நான், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். என் மனைவியை நான்தான் கொன்றேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுயநினைவோடு எழுதுகிறேன். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கடைசிப் பக்கத்தை டாக்டரம்மாவிடம் காட்டுங்கள். நான் எதையும் மாற்றாத முதல் வாரத்தில், ஏழு நாளுக்கும் சேர்த்து நாலு தடவை. இப்போது நாலு நிமிடத்தில் மூன்று தடவை. மற்றவர்களுக்குப் புரியாவிட்டாலும் அவருக்குப் புரியும். அவள் தேறிக்கொண்டிருந்தாள்.